பம்பரில் பதித்த காதுகள்

2019-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்து, இந்தியாவில் தயாராகும் ஒவ்வொரு புதிய காரிலும், அது எவ்வளவு எளிய விலையுள்ள காராயினும், பின்னோக்கி வரும்போது தடையை அறிந்து ஒலியெழுப்பும் சென்சார் இருந்தே தீரவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநருக்கான ஏர்பேக், சீட் பெல்ட்டை நினைவூட்டும் மணி, வேகம் 80 கிலோமீட்டரைத் தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கை ஆகியவற்றோடு, ஏ.ஐ.எஸ். 145 என்னும் தரவிதியின் வாயிலாக, அதுவரை செல்வந்தர் கார்களில் மட்டும் கேட்டுவந்த அந்தப் 'பீப், பீப்' என்னும் சப்தம் சாமானியர் வீட்டு வாசலுக்கும் வந்து சேர்ந்தது. இன்று விருதுநகர்த் தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மாலை வேளையில் நின்றால், கோயில் மணிக்கும் பஸ் ஹாரனுக்கும் நடுவே அந்தச் சப்தமும் ஓயாமல் காதில் விழுகிறது.

நல்ல சாதனம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. எத்தனையோ பம்பர்களையும், எத்தனையோ மதில்களையும், கணக்கில் வராத எத்தனையோ முழங்கால்களையும் அது காப்பாற்றியிருக்கும். ஆயினும் அதை உபயோகிக்கிறவர்களில் பெரும்பாலோர் அதனிடம் ஒரு தவறான நம்பிக்கை வைத்திருப்பதைப் பல காலமாகக் கவனித்து வருகிறேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிட வேண்டும் என்ற எண்ணம் இந்தத் தீபாவளிக் காலம் நெருங்க நெருங்க வலுப்பட்டுவிட்டது. சென்சார் ஒலித்தால் பின்னால் ஏதோ இருக்கிறது என்று கொள்வது சரி. ஒலிக்காவிட்டால் பின்னால் ஒன்றுமில்லை என்று கொள்வது சரியன்று. மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தது மனிதர்களுக்குப் பொருந்தலாம். இந்தச் சாதனத்திற்கு ஒருபோதும் பொருந்தாது. அதன் மௌனத்திற்கு ஒரே அர்த்தந்தான் உண்டு: தான் அனுப்பிய சப்தம் தன்னிடம் திரும்பி வரவில்லை என்பது. ஏன் திரும்பவில்லை என்பதை அது அறியாது.

இந்தச் சாதனம் வருவதற்கு முன்பு, எங்கள் வட்டாரத்தில் வண்டியைப் பின்னோக்கி எடுப்பது இருவர் செய்யும் காரியமாக இருந்தது. விருதுநகர் வியாபார ஊர். வத்தலும் மல்லியும் பருப்பும் எண்ணெயும் இங்கே வந்து கூடி, இங்கிருந்தே பல திசைகளுக்கும் பிரிந்து போவதால், இந்த ஊர் மார்க்கெட் நிலவரம் என்று வாரந்தோறும் பத்திரிகைகளில் விலைப்பட்டியல் வெளியாகிறது. அந்தச் சரக்கையெல்லாம் சுமந்து வரும் லாரிகள், மாட்டுவண்டிகளுக்கே போதுமான அகலமுள்ள சந்துகளுக்குள் பின்பக்கமாக நுழைந்து, மண்டி வாசலில் அணைந்து நிற்க வேண்டும். ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கைத் திருப்ப, கிளீனர் கீழே இறங்கிப் பின்னால் நின்று, லாரியின் பக்கத் தகட்டைக் கையால் தட்டிக்கொண்டே குரல் கொடுப்பார்: "வரலாம், வரலாம்... வலது ஒடிங்கண்ணே... இன்னும் கொஞ்சம்... அண்ணே, நிப்பாட்டுங்க, வாறுகால்!" அந்தத் தட்டலின் வேகத்திலும் குரலின் ஏற்றத்திலும் தூரம் இருந்தது. அதோடு, சாக்கடையைக் குறிக்கும் அந்தக் கடைசி வார்த்தையில், தடை இன்னதென்ற செய்தியும் இருந்தது. சென்சார் முன்னதை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிட்டது. எவ்வளவு தூரம் என்று சொல்கிறது. என்ன என்று சொல்வதில்லை. சில வேளைகளில், இருப்பதையே சொல்வதில்லை.

எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எங்கே வேலை செய்யாது என்பது தானாகவே விளங்கிவிடும்.

பம்பரில் வட்டப் பொட்டுகளாகத் தெரிகிறவை ஒவ்வொன்றிலும், மெல்லிய உலோகச் சவ்வு ஒன்றும், அதன் பின்னால் ஒட்டிய சிறு செராமிக் வில்லையும் இருக்கின்றன. அந்த வில்லை மின்சாரம் பாய்ந்தால் அதிரும். அதிர்த்தால் மின்சாரம் தரும். இந்த விசித்திர சுபாவத்தைச் சில படிகங்களில் 1880-81-ல் கண்டறிந்தவர்கள் பிரான்ஸ் தேசத்துச் சகோதரர்களான ழாக் கியூரியும் பியேர் கியூரியும். ரிவர்ஸ் கியர் விழுந்ததும், சாதனத்தின் மூளையாகிய சிறு பெட்டி அந்த வில்லைக்கு ஒரு மின்துடிப்பை அனுப்ப, சவ்வு வினாடிக்கு 40,000 தடவைக்குக் குறையாமல் அதிர்ந்து ஒரு சப்தத்தை வெளியிடுகிறது. மனிதக் காது வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேல் கேளாதாகையால் அது நமக்குக் கேட்பதில்லை. நாம் கேட்கும் பீப் ஒலி காருக்குள் நம் பொருட்டு வைக்கப்பட்ட வேறு ஒரு ஒலிப்பானிலிருந்து வருவது. வெளியே சென்ற சப்தம் எதிலாவது மோதித் திரும்பினால், அதே சவ்வு இப்போது காதாக மாறி அதை வாங்கிக்கொள்கிறது. போன நேரத்திற்கும் வந்த நேரத்திற்கும் இடைப்பட்ட அவகாசத்தைச் சப்தத்தின் வேகத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தால் தூரம் கிடைத்துவிடுகிறது. ஒரு மீட்டர் தொலைவிலுள்ள சுவரிலிருந்து எதிரொலி திரும்புவதற்கு ஆகும் காலம் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஆறு பங்குக்கும் குறைவு.

இங்கே எங்கள் ஊர் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றின் உஷ்ணம் ஏற ஏறச் சப்தத்தின் வேகமும் ஏறும். 20 டிகிரியில் வினாடிக்கு 343 மீட்டர் போகும் சப்தம், சித்திரை மாதத்து நண்பகலில் 40 டிகிரி காயும்போது 355 மீட்டர் போகிறது. சாதனம் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாவிட்டாலுங்கூட ஒரு மீட்டருக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் பிசகுவதோடு போய்விடும். வெயிலைக் குற்றஞ்சாட்டிப் பயனில்லை. உண்மையான குறைகள் வேறிடத்தில் இருக்கின்றன.

இந்த உபாயம் மனிதன் முதலில் கண்டுபிடித்ததன்று. 1790-களில் இத்தாலியப் பாதிரியாரான ஸ்பல்லன்சானி, கண்ணை மறைத்த வவ்வால் தடையில் மோதாமல் பறப்பதையும், காதை அடைத்த வவ்வால் தடுமாறி மோதுவதையும் கண்டு வியந்தார். அதன் காரணத்தை ஏறக்குறைய நூற்றைம்பது வருஷம் கழித்து, 1930-களின் இறுதியில் தொடங்கிய ஆராய்ச்சிகளில், அமெரிக்காவின் டொனால்ட் கிரிஃபின் நிரூபித்தார். இடையில் முதல் உலக யுத்தத்தின்போது, நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் பொருட்டுப் பால் லாஞ்செவின், கியூரி சகோதரர்கள் கண்ட அந்தப் படிக குணத்தையே பயன்படுத்திக் கடலுக்குள் எதிரொலி வாங்கிக் காட்டினார். யுத்தத்திற்காகப் பிறந்த வித்தை 1982-ல் ஜப்பானிய டொயோட்டா கொரோனா காரின் பின்பக்கத்தில் வந்து அமர்ந்தது. வவ்வால் ஆராய்ச்சியில் நமக்கும் ஒரு பங்குண்டு என்பதை இங்கே சொல்லாமல் போனால் மனம் கேளாது. விருதுநகர் பெற்றெடுத்த தலைவரின் பெயர் தாங்கிய மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணாக்கர்களும் குகை வவ்வால்களின் வாழ்க்கையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். ஜெர்மானிய விஞ்ஞானி கெர்ஹார்ட் நாய்வைலரும் மதுரைப் பக்கத்து வவ்வால்களையே நாடி வந்தார். அந்த ஆராய்ச்சியில் வெளிப்பட்ட ஒரு செய்தி நம் விஷயத்திற்கு மிகவும் பொருத்தமானது: தவளை பிடித்துத் தின்னும் ஒருவகை வவ்வால், தன் குரலின் எதிரொலியை மட்டும் நம்பியிராமல், இரை அசையும்போது எழும் சலசலப்பையும் காது கொடுத்துக் கேட்டே அதைப் பிடிக்கிறது. இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகள் பழக்கிய ஜீவனே எதிரொலி ஒன்றோடு நிற்கவில்லை.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், புதிதாக வாங்கிய காரைப் பற்றி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "தம்பி, இது சும்மா கிடக்கிற இடத்துல கத்துது, மூட்டை கிடக்கிற இடத்துல கத்த மாட்டேங்குது. கம்பெனிக்காரங்க ஏமாத்திட்டாங்களோ?" என்றார். பார்த்தேன். முந்தின நாள் மழையில் சாத்தூர் பக்கம் போய்வந்த கார் அது. கரிசல் மண்ணை அறிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நனைந்தால் பசையாகப் பற்றிக்கொண்டு, காய்ந்தால் ஓடாக இறுகிவிடும். பம்பரின் ஒரு பொட்டின் மேல் அப்படி ஒரு பூச்சு காய்ந்து கிடந்தது. சவ்வு தாராளமாக அதிர்ந்தால்தான் சப்தம் பிறக்கும், எதிரொலியும் பதியும். மண் பூசிய சவ்வு ஒன்று தன் மேலுள்ள மண்ணையே தடையாகக் கருதிக் கத்தும், அல்லது செவிடாகிப்போகும். ஈரத்துணியால் துடைத்ததும், வெறும் இடத்தில் கத்தும் கோளாறு தீர்ந்தது. பட்டறையில் பம்பரைப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிக்கும்போது, அழகு கருதிச் சென்சாரின் மேலும் கனமாக அடித்துவிடுவதாலும் இதே கேடு விளையும்.

மூட்டையைப் பற்றிய குறை துடைத்துத் தீர்வதன்று. கெட்டியான, வழவழப்பான, நேர்முகமாக நிற்கிற பரப்பே சப்தத்தை நன்றாகத் திருப்பியனுப்பும். சாக்கு, பஞ்சு, வைக்கோல், தடித்த துணி ஆகியவை தம்மேல் பட்ட சப்தத்தில் ஒரு பகுதியை உள்ளே வாங்கிக்கொள்கின்றன. எஞ்சியதையும் நாலா திசையிலும் சிதறவிடுகின்றன. வத்தல் மூட்டையும் பருத்திப் பொதியும் வாசலெங்கும் அடுக்கிக் கிடக்கும் ஊரில், சிமெண்டுச் சுவரை ஒன்றரை மீட்டருக்கு முன்பே உணர்ந்த சாதனம், மூட்டையை மிகவும் நெருங்கிய பிறகே உணர்ந்தால் அது யந்திரத்தின் பழுதன்று, சப்தத்தின் சுபாவம். கனத்த போர்வை போர்த்திய முதியவர் ஒருவர் அந்த மூட்டைகளுக்கு அருகே குந்தியிருந்தால் அவரும் சாதனத்திற்கு மூட்டைதான்.

மெல்லிய பொருள்களும் அப்படியே. இந்தச் சப்தத்தின் அலைநீளம் ஏறக்குறைய ஒன்பது மில்லிமீட்டர். அதற்கு மெலிந்த கம்பி, கயிறு, சங்கிலி போன்றவை அலையைத் தடுப்பதேயில்லை என்று சொல்லலாம். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் சிவகாசி–சாத்தூர் சாலையிலும், விருதுநகரிலிருந்து ஆமத்தூர், திருத்தங்கல் வழியாகச் சிவகாசிக்குப் போகும் சாலையிலும் உள்ள பட்டாசுக் கடைகளின் முன்னால், வெளியூர்க் கார்கள் நிற்பதற்கென்று காலி மனைகளில் கம்பு நட்டுக் கயிறு கட்டி வரிசை பிரித்து விடுகிறார்கள். அந்தக் கயிறு சென்சாருக்கு இல்லவே இல்லை. கம்பு உண்டு, ஆனால் இரண்டு சென்சார்களுக்கு நடுவே சரியாக வந்தால் பாதிதான் உண்டு. விலை குறைந்த கார்களில் நான்குக்குப் பதில் இரண்டே சென்சார்கள் இருப்பதையும், அவற்றின் சப்தம் விரியும் கூம்புகளுக்கு இடையிலும் பம்பரின் இரு மூலைகளிலும் விட்டுப்போன இடங்கள் இருப்பதையும் வாங்குகிறவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது நலம்.

சாய்ந்து நிற்கும் வழவழப்பான பரப்பு மற்றொரு வஞ்சகம் செய்கிறது. அது சப்தத்தை நன்றாகவே திருப்புகிறது. ஆனால் வந்த வழியே திருப்பாமல் வானத்தை நோக்கியோ பக்கவாட்டிலோ அனுப்பிவிடுகிறது. கடை வாசலின் சாய்தளமும், சாய்த்துவைத்த தகரமும் இந்த வகை. உயரத்தில் நீட்டிக்கொண்டிருப்பவை இன்னொரு வகை. சென்சார்கள் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தையொட்டிப் பதிந்திருக்க, நிறுத்திவைத்த லாரியின் பின்பக்கத் தட்டோ அதற்கு இருமடங்கு உயரத்தில் வெளியே நீண்டிருக்கும். கீழே பாதுகாப்புச் சட்டம் ஒழுங்காக இருந்தால் எதிரொலி வரும். அது வளைந்தோ உடைந்தோ உள்ளொடுங்கிப் போயிருந்தால், சப்தம் தட்டுக்கு அடியில் நுழைந்து எங்கோ உள்ளிருக்கும் சக்கரத்தைத் தேடிப் போய்விட, காரின் பின்கண்ணாடி தட்டில் மோதும் வரையில் சாதனம் அமைதியாகவே இருக்கும்.

இவற்றையெல்லாம்விட நான் அஞ்சுவது இரண்டு. ஒன்று, பள்ளம். எங்கள் ஊர்களில் வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே ஓடும் வாறுகால் பல இடங்களில் மூடியில்லாமலோ, மூடி உடைந்தோ கிடக்கிறது. சென்சார் நிற்பதைக் கேட்கும். இல்லாததைக் கேட்க அதற்கு வழியேயில்லை. எதிரொலி தர அங்கே எதுவுமில்லை என்பதே ஆபத்தாயிருக்க, எதுவுமில்லை என்பதையே அது சௌகரியமான செய்தியாகச் சொல்கிறது. பின்சக்கரம் வாறுகாலில் இறங்கிய காரைத் தூக்க நாலுபேர் கூடுகிற காட்சி மழைக்காலத்தில் எங்கும் காணக்கூடியது. கேட்டால், "பீப்பே அடிக்கலையே" என்ற ஒரே பதில்தான் வருகிறது.

மற்றொன்று, பாதியில் நின்றுபோகும் பீப் ஒலி. சென்சாரின் சப்தம் ஒரு கூம்பாக விரிந்து போகிறது; அந்தக் கூம்பு தரையைத் தொட்டால் தரையே தடையாகத் தோன்றிவிடும் என்பதால், கீழ்ப்பக்கம் வேண்டுமென்றே ஒடுக்கப்பட்டிருக்கிறது. தாழ்வான கல்லோ, வாசற்படியோ, மைல்கல்லோ ஒரு மீட்டர் தூரத்தில் இருக்கும்போது கூம்புக்குள் அகப்பட்டு, சாதனம் ஒலிக்கத் தொடங்கும். கார் இன்னும் நெருங்க, அது கூம்பின் கீழ்விளிம்புக்கும் அடியில் நழுவிப்போகும். பீப் ஒலி நின்றுவிடும். தடை விலகிவிட்டது என்று நினைத்து ஓட்டுநர் பிரேக்கிலிருந்து காலை எடுப்பது அந்த க்ஷணத்தில்தான். அந்தத் தாழ்வான பொருள் கல்லாக இருந்தால் பம்பர் போகும். வாசலில் குனிந்து கோலம் போடும் பெண்ணாகவோ, உருண்டுபோன பந்தைத் தேடிக் காருக்குப் பின்னால் தவழ்ந்துவரும் குழந்தையாகவோ இருந்தால்? இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை. மிக நெருங்கிய தூரத்திலும் இதுபோன்ற ஒரு குருட்டிடம் உண்டு; சவ்வு சப்தத்தை அனுப்பி முடித்த பின்பும் சிறிது நேரம் தானே அதிர்ந்துகொண்டிருப்பதால், அந்த அவகாசத்தில் வந்து சேரும் எதிரொலியை அது பிரித்தறிய முடிவதில்லை. இருபது முப்பது சென்டிமீட்டருக்குள் வந்துவிட்ட பொருளின் தூரத்தை அளக்க அதனால் ஆகாது.

பட்டாசுத் தேசத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் ஒரு பாடம் எழுத்தறியும் முன்பே கற்பிக்கப்பட்டுவிடுகிறது: திரியில் நெருப்பு அணைந்ததுபோல் தோன்றும் வெடியின் அருகே போகாதே. சப்தம் வரவில்லை என்பதால் அதில் மருந்து இல்லை என்று ஆகிவிடாது என்பதை எங்கள் பிள்ளைகள் அறிவார்கள். ஒலிக்க வேண்டிய நேரத்தில் ஒலித்துத் திடீரென்று அடங்கிய சென்சாரையும் அவ்வாறே கருத வேண்டும். ஒலித்து நின்றால், காரை நிறுத்தி, இறங்கிப் பார்க்க வேண்டும், வேறு மார்க்கமில்லை.

தீபாவளி வாரத்துச் சிவகாசிக்கு மறுபடியும் வருகிறேன், ஏனெனில் இந்தச் சாதனத்தின் எல்லாக் குறைகளும் ஒரே இடத்தில் கூடுவது அங்கேதான். மதுரை, திருச்சி, கோயமுத்தூர் என்று எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் காரில் வந்து இறங்குகின்றன. கடையிலிருந்து திரும்பும்போது டிக்கி நிறையப் பெட்டிகள். பின்சீட்டிலும் ஆட்கள் நெருக்கம். பாரம் ஏற ஏறக் காரின் பின்பக்கம் தாழ்கிறது. அதோடு சென்சார்களின் உயரமும் குறைந்து, கோணமும் மாறி, மேடுபள்ளமான கடைமுற்றத்துச் சரளைக் கற்களையே தடையென்று எண்ணி அவை கூவத் தொடங்குகின்றன. பக்கத்தில் ஏழெட்டுக் கார்கள் ஒரே சமயத்தில் பின்னெடுக்க, ஒன்றின் சப்தத்தை மற்றொன்று தன்னுடையதென்று மயங்கும் வாய்ப்பும் உண்டு. சாலையில் நிற்கும் பஸ்ஸும் லாரியும் ஏர் பிரேக்கை விடும்போது எழும் 'புஸ்' என்ற இரைச்சலில் நம் காதுக்கு எட்டாத உயர்ந்த அதிர்வுகளும் கலந்திருப்பதால், அதுவும் சென்சாரைக் குழப்பும். இவ்வளவு பொய்யெச்சரிக்கைகளுக்கு நடுவே ஓட்டுகிறவர் என்ன செய்வார்? சப்தத்தை அலட்சியம் செய்யப் பழகுவார். சிலர் அதை நிறுத்தியே வைத்துவிடுகிறார்கள். பொய்யாகப் பலமுறை ஒலித்த பிறகு மெய்யாக ஒருமுறை ஒலிக்கும்போது, கேட்க ஆளிருப்பதில்லை. கார்களுக்கு நடுவே அன்று புகுந்து நடக்கிறவர்களோ, பட்டாசுப் பையைக் கட்டிக்கொண்டு பரவசத்தில் ஓடும் சிறுவர்கள்.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்லிவிடுகிறேன். மணிக்கு 5 கிலோமீட்டர் என்பது மனிதன் நடக்கும் வேகம். யாரும் அதை வேகமென்று கருதுவதில்லை. ஆனால் அந்த வேகத்தில் கார் ஒரு வினாடியில் ஏறக்குறைய 1.4 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. சாதாரணச் சென்சாரின் கேள்வி எல்லையோ ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டரை மீட்டர். பீப் ஒலி காதில் விழுந்து, மனம் அதை உணர்ந்து, கால் பிரேக்குக்குப் போய் அழுத்த ஒரு வினாடி ஆகிவிட்டால், ஒன்றரை மீட்டரில் மீதமிருப்பது ஒரு சாண்கூட இல்லை. பிரேக் பிடித்த பிறகு கார் உருண்டு நிற்கும் தூரம் அதற்கு மேல். ஆகவே நடை வேகத்தில் பின்னெடுப்பவருக்கு இந்தச் சாதனத்தால் முழுப் பிரயோஜனம் இல்லை. கிளட்சைப் பாதி பிடித்து, நடையினும் பாதி வேகத்தில், கால் பிரேக்கின் மேலேயே இருக்கும்படி எடுக்கிறவருக்கே அது உதவும்.

சென்சாரைச் சோதித்துத் தேர்ச்சி கொடுக்கும் முறையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சர்வதேச தர அமைப்பின் 17386 என்ற தரநூலில், சோதனைப் பொருளாகக் குறிக்கப்பட்டிருப்பது 75 மில்லிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள ஒரு குழாய். நேராக, கெட்டியாக, அசையாமல் நிற்கும் குழாய். சோதனை என்றால் ஏதாவது ஒரு பொருளை நிர்ணயித்துத்தானே ஆகவேண்டும். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நம் தெருவில் காருக்குப் பின்னால் வருகிறவர்கள் குழாய்கள் அல்லர்.

கேமரா இருந்தால் இந்தக் குறைகள் நீங்காதா என்று கேட்பீர்கள். பெருமளவு நீங்கும், வாங்க வசதியுள்ளவர்கள் தயங்காமல் வாங்குங்கள் என்றே சொல்வேன். அமெரிக்காவில் 2018 மே முதல் தேதியிலிருந்து, பத்தாயிரம் பவுண்டு எடைக்கு உட்பட்ட எல்லாப் புதிய வாகனங்களிலும் பின்புறக் காட்சி கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மூலமான சட்டம், 2002-ல் நியூயார்க் மாநிலத்தில் தன் வீட்டு வாசலிலேயே, தந்தை பின்னோக்கி எடுத்த வண்டியில் அடிபட்டு இறந்த இரண்டு வயதுக் குழந்தையின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அந்தத் தேசம் பீப் ஒலியோடு திருப்தியடையாமல் காட்சியையே கட்டாயமாக்கியது சிந்திக்கத்தக்கது. கேமராவுக்கும் குறைகள் உண்டு; அகன்ற வில்லை தூரத்தை மிகைப்படுத்திக் காட்டும், திரையில் விழும் வண்ணக் கோடுகள் சமதரையை உத்தேசித்து வரையப்பட்டவை, மழைத்துளியும் கரிசல் தூசியும் அதையும் மறைக்கும். ஆயினும் பள்ளத்தையும், தாழ்ந்த கல்லையும், தவழும் குழந்தையையும் அது காட்டும். நம் நாட்டிலும் அது விலை குறைந்த கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சென்சார் மட்டுமே உள்ள காரை வைத்திருக்கும் நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். தனியாக வாங்கிப் பொருத்திய சென்சார் பெரும்பாலும் ரிவர்ஸ் விளக்கின் மின்கம்பியிலிருந்தே சக்தி பெறுவதால், அந்த இணைப்பில் கோளாறு வந்தால் சாதனமும் சேர்ந்து செத்துப்போகும். ரிவர்ஸ் கியர் விழுந்ததும் ஒரு சிறு ஒலி வரும் வகையாக இருந்தால், அந்த ஒலி வந்ததா என்று தினமும் கவனியுங்கள். வராத நாளில் சென்சார் இல்லாத கார் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பொருத்துகிற கடையில், ஒவ்வொரு சென்சாரின் பின்னாலும் மேல்பக்கத்தைக் காட்டும் குறி மேல்நோக்கியே இருக்கிறதா என்று நின்று பாருங்கள். தலைகீழாகப் போட்டால் அது தரையையே தடையென்று சொல்லும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் ஒதுக்க முடியுமானால், பம்பரை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, வீட்டிலுள்ள ஒருவரைப் பக்கவாட்டில் பாதுகாப்பான தூரத்தில் நிறுத்திக்கொண்டு, காருக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள்: ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு சாக்கு மூட்டை, முழங்கால் உயரத்திற்கு ஒரு கல், நட்டுவைத்த மெல்லிய கம்பி, பம்பரின் மூலைக்கு நேராக ஒரு நாற்காலி. எதற்கு ஒலிக்கிறது, எந்தத் தூரத்தில் ஒலிக்கிறது, எது நெருங்கியதும் ஒலி அடங்குகிறது என்பதைக் காரை ஓட்டும் குடும்பத்தார் எல்லோரும் பார்க்கட்டும். அதன் பிறகு, தீபாவளிக்குச் சிவகாசி வருகிறவர்களாக இருந்தால், புறப்படுமுன் காரை ஒருமுறை சுற்றி வாருங்கள். குழந்தைகள் அனைவரும் காருக்குள் அமர்ந்துவிட்டார்கள் என்று எண்ணிப் பார்த்த பிறகே ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். கூட வந்திருக்கும் பெரியவர் யாரேனும் ஒருவர் கீழே இறங்கி, ஓட்டுகிறவரின் கண்ணாடியில் தெரியும்படி பக்கவாட்டில் நின்று குரல் கொடுக்கட்டும்.